கரையும் பனி, குறையும் கல்

2015 டிசம்பரில் பாரிஸின் பாந்தியான் சதுக்கத்தில் பன்னிரண்டு பனிப்பாறைத் துண்டுகள் கடிகாரத்தின் எண்களைப் போல வட்டமாக நிறுத்தப்பட்டன. ஐ.நா. பருவநிலை மாநாடு அந்த நகரத்தில் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் கிரீன்லாந்தில் பிறந்த நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் சேர்ந்து உருவாக்கிய அந்த நிறுவலுக்கு ‘ஐஸ் வாட்ச்’ என்று பெயர். கிரீன்லாந்தின் பனிப்படலத்திலிருந்து ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்த துண்டுகளைப் பிடித்துவந்து, குளிர்பதனக் கன்டெய்னரில் ஏற்றி, ஐரோப்பிய நகரங்களின் நடுவே இறக்கினார்கள். 2014இல் கோபன்ஹேகன், பிறகு பாரிஸ், 2018இல் லண்டன்.

இந்தப் படைப்பின் பலம் தொடுதலில் இருக்கிறது. வந்தவர்கள் பனியைத் தடவினார்கள், கட்டிப்பிடித்தார்கள், நக்கியும் பார்த்தார்கள். காதை ஒட்டிவைத்தால் உள்ளே பொரிவதுபோல ஒரு சத்தம் கேட்கும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த பனி இறுகும்போது சிக்கிக்கொண்ட காற்று, உருகும் நேரத்தில் குமிழி குமிழியாக உடைந்து வெளியேறும் சத்தம் அது. ஆலைப் புகை அறியாத காலத்துக் காற்று. அதை ஒரு பாரிஸ்காரர் தன் கன்னத்தில் உணர்கிறார். பருவநிலை பற்றிய எந்த வரைபடமும் இதைச் செய்துவிட முடியாது.

இதன்மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, பனியைக் கொண்டுவரவே கரியமில வாயுவைக் கக்கினார்களே என்பது. பாரிஸ் நிறுவலுக்குச் சுமார் 30 டன் என்று எலியாசன் தரப்பே கணக்கு வெளியிட்டது. முப்பது பேர் பாரிஸிலிருந்து கிரீன்லாந்துக்கு விமானத்தில் போய்த் திரும்புவதற்குச் சமம் என்றும் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் பார்த்த ஒன்றுக்கு இது பெரிய தொகை அல்ல. அந்தக் குற்றச்சாட்டில் எனக்கு ஈடுபாடில்லை.

என் குறை வேறு. பார்வையாளர் என்ன செய்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும், அந்தப் பனி உருகத்தான் போகிறது. நம்மை அது துக்க வீட்டுக்கு வந்தவர்களாக ஆக்குகிறது. வந்தோம், தொட்டோம், வருந்தினோம், படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அதிகம் எரித்தவரும் குறைவாக எரித்தவரும் அந்த வட்டத்தைச் சுற்றி ஒரே மாதிரி நிற்கிறார்கள். லண்டனில் 24 துண்டுகள் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் முன்னும், 6 துண்டுகள் புளூம்பெர்க் நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகத்தின் முன்னும் வைக்கப்பட்டன. உலகின் பணம் கைமாறும் இடத்தின் வாசலிலேயே நின்றும் அந்தப் பனி பணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த நிறுவலுக்கு ஆதரவு தந்ததும் புளூம்பெர்க்தான்.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கண்ணெதிரே சிறுத்துக்கொண்டே போகும் இன்னொரு படைப்பு இருந்தது. 1982இல் ஜெர்மனியின் காசெல் நகரில், ஏழாவது டாக்குமெண்டா கண்காட்சிக்காக, சிற்பி ஜோசப் போய்ஸ் 7,000 பசால்ட் கற்களைக் கொண்டுவந்து ஃபிரிடெரிசியானும் அருங்காட்சியகத்தின் முன்னிருந்த புல்வெளியில் கொட்டினார். எரிமலைக் குழம்பு ஆறும்போது தானாகவே பட்டை பட்டையாகப் பிளந்து தூணாகும் பாறை அது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இடுப்புயரம் நிற்கும். நிபந்தனை ஒன்றுதான்: நகரத்தில் எங்காவது ஒரு மரம் நடப்பட்டால் குவியலிலிருந்து ஒரு கல் எடுக்கப்பட்டு அதன் பக்கத்தில் ஊன்றப்படும். ஒரு மரத்துக்கு நன்கொடை 500 மார்க். எங்கே நடலாம் என்று பள்ளிகளும் தெருவாசிகளும் இடம் சொன்னார்கள். தலைப்பு ‘7000 ஓக் மரங்கள்’ என்றாலும் லிண்டன், மேப்பிள், ஆஷ் எல்லாம் நடப்பட்டன.

இதில் குவியல்தான் என்னைக் கவர்கிறது. அது அழகாக இல்லை. அரண்மனை போன்ற ஒரு கட்டடத்தின் முன் இடிபாடு மாதிரிக் கிடந்தது. 1943 குண்டுவீச்சில் தரைமட்டமான ஊருக்கு அந்தக் காட்சி புதிதும் அல்ல. நகரத்தார் முகம் சுளித்தார்கள். அதைப் போக்க ஒரே வழி, மரம் நடுவது. கல் வெயிலில் உருகாது, மழையில் கரையாது. குவியலின் அளவே ஊரின் நிலுவை. இரண்டு படைப்புகளும் நம் முன்னால் குறைந்துகொண்டே வருகின்றன. ஒன்று தானாக, மற்றது நம் கையால். இயற்கையைப் பற்றிய கலையை எடைபோட இதைவிடக் கறாரான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

போய்ஸிடம் குறைகள் இல்லாமல் இல்லை. தன்னைச் சுற்றித் தானே புராணம் கட்டியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையில் இருந்தபோது கிரைமியாவில் விமானம் விழுந்ததாகவும், தாத்தார் மக்கள் கொழுப்பு தடவி, கம்பளி சுற்றித் தன்னைக் காப்பாற்றியதாகவும் சொல்லிக்கொண்டார். விபத்து உண்மை, மீதிக் கதையை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. விமர்சகர் பெஞ்சமின் புக்லோ 1980லேயே இந்தக் கட்டுக்கதையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அந்தத் தாக்குதல் நியாயமானது என்றே நினைக்கிறேன். தன் கையால் உலகைக் குணப்படுத்த வந்தவர் என்ற தோரணை போய்ஸின் பல படைப்புகளை இன்று பார்க்கச் சகிக்க முடியாதவையாக்கிவிட்டது. ஆனால் இந்த மரங்களுக்கு அவர் தேவைப்படவில்லை. 1986 ஜனவரியில் அவர் இறந்தார்; நடுவது நிற்கவில்லை. 1987இல், எட்டாவது டாக்குமெண்டாவின்போது, கடைசி மரத்தை அவர் மகன் வென்சல் நட்டார்.

அதே 1982இல் நியூயார்க்கில் கலைஞர் ஆக்னஸ் டெனிஸ் செய்ததையும் சொல்ல வேண்டும். வால் ஸ்ட்ரீட்டுக்கு அருகே, உலக வர்த்தக மையத்துக்குத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலத்தில், இரண்டு ஏக்கர் கோதுமை விதைத்து ஆகஸ்ட்டில் அறுவடை செய்தார். பங்குச் சந்தைக்குப் பக்கத்தில் கதிர் முற்றி நின்ற அந்தக் கோடை, பனி கேட்கத் தவறிய கேள்வியை நேராகவே கேட்டது: இந்த மண்ணுக்கு விலை வைத்தவர்கள், இதில் விளைவதற்கு என்ன மதிப்பு வைத்திருக்கிறீர்கள்? அறுவடைக்குப் பிறகு நிலம் கட்டடங்களுக்குப் போனது. கேள்வி கூர்மையானது, ஆயுள் ஒரு பருவம்.

காசெல் மரங்கள் கிரீன்லாந்தைப் பற்றி யாருக்கும் எதுவும் சொல்லாது என்பதும் உண்மைதான். தொலைவில் நடக்கும் ஓர் அழிவை அருகில் கொண்டுவரும் வேலையை எலியாசன் செய்தார், போய்ஸ் செய்யவில்லை. ஆகவே ஐஸ் வாட்சை ஒதுக்கித் தள்ளச் சொல்ல மாட்டேன். அந்தப் பனியோடு ஒரு நிலுவையும் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். பனி உருகி வடிந்த பிறகு சதுக்கத்தை அடைத்துக்கொண்டு, யாராவது ஏதாவது செய்து தீர்க்கும்வரை நகராத ஒன்று.

அந்த நிலுவையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. போய்ஸின் திட்டத்துக்குத் தொடக்கத்தில் பணம் தந்த டியா கலை அறக்கட்டளை, 1988இல் நியூயார்க்கின் மேற்கு 22ஆம் தெருவில் ஐந்து மரங்களை நட்டுப் பக்கத்தில் பசால்ட் கற்களை ஊன்றியது. 1996இல் இன்னும் 18 சேர்ந்தன. கலைக்கூடங்கள் நிறைந்த அந்தத் தெருவில் மரமும் கல்லும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே நிற்கின்றன. ஆனால் அங்கே குவியல் இல்லை. அதனால் தெருவாசிகளுக்கு எரிச்சலும் இல்லை, எதையும் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. நடுவதற்கும் பராமரிப்பதற்கும் ஓர் அறக்கட்டளை இருக்கிறது.