கிராவல் குழியும் புல் நிபந்தனையும்

ஒடிசா இரும்புத்தாதுச் சுரங்கங்கள் பற்றிய 'காமன் காஸ்' வழக்கில் 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தோண்டி முடித்த குத்தகைதாரர் தன் செலவில் அந்த நிலத்தில் மறுபடி புல் வளர்க்க வேண்டும். தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் தழைக்கும் நிலையில் விட்டுப்போக வேண்டும். எட்டே நாளில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதைச் சுற்றறிக்கையாக்கி, சுரங்க அனுமதிகளில் நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னது. மதுராந்தகம், செய்யூர் வட்டாரத்துக் கிராவல் குழிகளுக்கு அது எவ்வளவு பொருந்தும்?

முதலில் அதன் நல்ல பக்கம். சுரங்க அனுமதி என்றாலே எல்லையோரம் நாலு வரிசை மரக்கன்று நடுவதுதான் பரிகாரம் என்றிருந்த வழக்கத்தில், ஆடுமாடு என்ற ஜீவனை இந்த உத்தரவு கணக்கில் எடுத்தது. செங்கல்பட்டுச் சீமையில் மேய்க்கால் புறம்போக்கு பல ஊர்களில் அடங்கல் பதிவாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நிலமில்லாதவர்களின் ஆடுகள் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் மேய்கின்றன. அவர்களுக்கு மரக்கன்றைவிடப் புல் பெரிது.

கோளாறு மண்ணில் இருக்கிறது. இரும்புச் சுரங்கத்தில் தாதுவுக்கு மேலிருந்த மண்ணும் கழிவுப் பாறையும் மேடாகக் கிடக்கும். அதைத் திரும்பத் தள்ளலாம். கிராவல் குழியில் மண்தான் சரக்கு. டிப்பரில் ஏறி ஜி.எஸ்.டி. சாலைக்கும் ஈ.சி.ஆர். மனைப்பிரிவுக்கும் போனபின், நிரப்ப என்ன இருக்கிறது? குழி காலியாகக் கிடந்தால் கட்டட இடிபாடும் குப்பையும் வந்து சேரும். அதன்மேல் முளைக்கும் புல்லை மாட்டுக்குப் போட யாருக்கு மனசு வரும்?

கைவிட்ட குழியில் இறங்கிப் பார்த்தால் மிச்சமும் விளங்கும். சுவர் செங்குத்தாக நிற்கும், பொக்லைன் பல்லின் கோடுகளோடு. மழைத்தண்ணீர் செம்பழுப்பாக நடுவில் தேங்கியிருக்கும். முதலில் எருக்கு வரும், பின்னாலேயே சீமைக்கருவேலம். அதன் காயை ஆடு விரும்பித் தின்று, விதையைப் புழுக்கையோடு போட்டுவிட்டுப் போகும். மேய்ச்சலுக்கென்று அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் மேய்ச்சலே அந்த இடத்தை முள்காடாக்கிவிடும்.

ஆகவே புல் விஷயம் முதல் லோடு ஏறுமுன்பே முடிவாகிவிடுகிறது. மேல்மண்ணைத் தனியே சுரண்டி உயரமில்லாத குவியலாக ஓரத்தில் வைக்க வேண்டும். ஓரங்களை ஆடு ஏறியிறங்கும் சரிவாக வெட்ட வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே தோண்டலை நிறுத்த வேண்டும். பிறகு அந்த மண்ணைப் பரப்பி, வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் விதைத்து, வேர் பிடிக்கும்வரை ஆடு விடாமல் அறுத்துப் போட வேண்டும். இது நடக்காத காரியமல்ல. கென்யாவில் மொம்பாசா அருகே பம்புரி சுண்ணாம்புக்கல் குவாரியை 1971 முதல் ரெனே ஹாலர் மீட்டெடுத்தது நம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்த சவுக்கு மரத்தை வைத்துத்தான். அதன் உதிர்ந்த ஊசியிலைகளை மட்க வைக்க மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். பிற்பாடு அங்கே மான்கள் மேய்ந்தன. ஆனால் அதற்கு ஆண்டுகள் பிடித்தன. குவாரியை நடத்திய சிமெண்ட் நிறுவனமும் கூடவே இருந்தது. கிராவல் குத்தகை முடிந்த மறுநாள் இங்கே யார் இருப்பார்?

எல்லாக் குழிக்கும் புல் என்பதும் சரியல்ல. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீர் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரிக்கப்பட்டு சென்னைக்குக் குடிநீராகப் போனது. அத்தனை ஆழத்தில் மேய்ச்சலைத் தேடுவது வீண். வேலி போட்டு நீர்த்தேக்கமாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஒரே வாசகத்தை எல்லா அனுமதியிலும் ஒட்டுவதால் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

பணமும் ஒரு சிக்கல். பெருங்கனிமச் சுரங்கம் மூடப்படும்போது சீரமைப்புக்கென்று நிதி உத்தரவாதம் கேட்கும் மத்திய விதிகள், கிராவல் போன்ற சிறுகனிமத்துக்குப் பொருந்தா. ஏக்கர் கணக்கில் முன்பணம் வாங்கி, இரண்டு மழைக்காலம் தாண்டிக் கிராம சபை பார்த்து ஒப்பிய பிறகே திருப்பித் தரலாம்.

அப்போதும் பட்டா நிலத்தில் ஒரு முடிச்சு அவிழாது. குத்தகைதாரர் ஒழுங்காகப் புல் வளர்த்தாலும் அந்தப் புல் ஊர் ஆட்டுக்கல்ல, பட்டாதாரருக்கே சொந்தம். கடலோரத்தில் மனை விலை ஏறும்போது அவர் அதை மேய்ச்சலாக வைத்திருக்க வேண்டும் என்று இந்த உத்தரவு எங்கும் சொல்லவில்லை.