காலம் யாருக்கு, முறை யாருக்கு?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 59ஆம் பிரிவு மிகச் சிறியது. இரண்டே உட்பிரிவுகள். குறைபாட்டின் அளவை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை ஏற்காதவர் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது முதலாவது. எப்படி? மாநில அரசு வகுக்கும் காலத்துக்குள், வகுக்கும் முறையில். அந்த மேல்முறையீட்டைப் பெற்ற அதிகாரி அதை முடிவுசெய்ய வேண்டும் என்கிறது இரண்டாவது. எப்படி? மாநில அரசு வகுக்கும் முறையில். முதல் வாக்கியத்தில் இருந்த ‘காலம்’ இரண்டாவது வாக்கியத்துக்குள் வரவில்லை.

இலக்கணம் சொல்லிக்கொடுப்பவளுக்கு இந்த ஒரு சொல்லின் மறைவு உறுத்துகிறது. கேட்பவருக்குக் காலமும் முறையும் விதிக்கப்படுகின்றன. கொடுப்பவருக்கு முறை மட்டும் போதும். உதவித்தொகை தாமதமாவது பற்றிப் பேசும்போதெல்லாம் ஊழியர் பற்றாக்குறை, சர்வர் கோளாறு, மருத்துவர் விடுப்பு என்று காரணங்கள் வரிசையாக வரும். அவை பொய்யில்லை. ஆனால் தாமதத்துக்கான இடம் சட்டத்தின் வாக்கிய அமைப்பிலேயே விடப்பட்டிருக்கிறது. அந்த இடத்தை நிரப்பும் காத்திருப்பு பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருக்கிறது.

சான்றிதழ் கையில் வந்தால்தான் மற்றதெல்லாம். விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. 2024 அக்டோபரில் அந்த விதிகள் திருத்தப்பட்டன. ஒரு மாதம் மூன்று மாதமானது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்கப்படாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலிழந்துவிடும், விண்ணப்பித்தவர்தான் மறுபடி அணுக வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. அலுவலகத்தால் கெடுவைக் காப்பாற்ற முடியாதபோது கெடு நீள்கிறது. காத்திருந்தவளோ முதல் படிக்குத் திரும்புகிறாள்.

இதைத் திருவேங்கடத்தில் நின்று பார்க்கலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது திருவேங்கடம் வட்டம் அதன் வடகிழக்கு ஓரத்தில் அமைந்தது. கரிசல் மண், மானாவாரி வெள்ளாமை, தீப்பெட்டி வேலை. கோவில்பட்டியும் சிவகாசியும் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் ஒன்று தூத்துக்குடி மாவட்டம், மற்றது விருதுநகர் மாவட்டம். உதவித்தொகைக் கோப்பு போக வேண்டியது தென்காசிக்கு. மாவட்டத் தலைமை மருத்துவமனை, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், ஆட்சியர் அலுவலகம் எல்லாம் அங்கேதான். சங்கரன்கோவிலில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும்.

தனியாகப் போக முடியாத பெண்ணோடு ஒருவர் கூடப் போக வேண்டும். அந்த ஒருவர் அம்மா, அக்கா, அல்லது பள்ளிக்கு லீவு போட்ட மகள். அன்று அந்தத் துறை மருத்துவர் வரவில்லையென்றால் இன்னொரு நாள். ஆதாரில் பெயரெழுத்து மாறியிருந்தால் இன்னொரு நாள். தீக்குச்சி அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. உட்காராத நாளுக்குக் கூலி கிடையாது. ஆக ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு பெண்களின் ஒரு நாள் போகிறது. திருமணமாகிப் போனவளுக்குக் குடும்ப அட்டை ஒரு வீட்டிலும் உடம்பு இன்னொரு வீட்டிலும் இருக்கலாம். கைவிடப்பட்டவள் தான் கைவிடப்பட்டதைக் காகிதத்தில் காட்ட வேண்டியிருக்கிறது.

இத்தனையும் எவ்வளவுக்காக? வருவாய்த் துறை வழியாகத் தரப்படும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000. இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 2012இலிருந்து 300 ரூபாயாகவே நிற்கிறது. அதற்கும் 80 விழுக்காடு குறைபாடு இருந்தாக வேண்டும். பக்கத்து மாநிலமான ஆந்திரம் 2024இல் மாற்றுத்திறனாளிகளுக்கான தொகையை 6,000 ரூபாயாக உயர்த்தியது. தொகை சிறுத்திருக்கும்போது தாமதத்தின் சுமை பெருக்கிறது.

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்தில் திரும்புவேன் என்று தலைவன் சொல்லிப் போகிறான், அவள் ஆற்றியிருக்கிறாள். அந்த ஆற்றியிருத்தலை நம் மரபு கற்பு என்று கொண்டாடியது. பெண்ணின் பொறுமையை அவளுடைய அணிகலனாக்கிய அந்த மரபோடு நமக்குச் சண்டை உண்டு. ஆனாலும் அங்கே காத்திருப்புக்கு ஒரு பருவம் இருந்தது. கார் வந்தும் அவன் வராவிட்டால் சொல் பொய்த்தவன் அவன். இது பருவமல்லாத மழை, கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி சமாதானம் சொல்வாள். “இன்னும் ஒதுக்கீடு வரலம்மா”, “அடுத்த முகாம்ல பாப்போம்” என்று கவுன்டரில் கேட்கும் வார்த்தைகளும் சமாதானங்கள்தாம். தோழி தலைவிக்காகப் பேசினாள். கவுன்டர் யாருக்காகப் பேசுகிறது? அரசு அலுவலகம் எந்தப் பருவத்தையும் குறிப்பிட்டுச் சொல்லாததால், அவளால் சொல் பொய்த்துவிட்டது என்றுகூடக் குற்றம் சாட்ட முடிவதில்லை.

திட்டங்களின் பெயர்களையும் படிக்க வேண்டும். ‘ஓய்வூதியம்’ என்றால் உழைத்து ஓய்ந்தவருக்கு வருவது. வீட்டுக்குள் அவள் செய்த வேலை எந்தப் பதிவேட்டிலும் உழைப்பாக ஏறவில்லை. ‘உதவித்தொகை’ என்ற சொல்லில் கொடுப்பவரின் கை மேலே இருக்கிறது. உதவி எப்போது வந்தாலும் நன்றி சொல்லத்தான் வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் பெயரிலேயே ‘உரிமை’ வந்தது. அந்தத் திட்டத்தில் நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அது 30 நாட்களுக்குள் தீர்க்கப்படும் என்று அரசே அறிவித்தது. கேட்பவருக்கும் கெடு, கொடுப்பவருக்கும் கெடு. பெயரில் உரிமை இருந்தால் கெடு தானாக நிறைவேறிவிடும் என்று நான் சொல்லவில்லை. கெடு எழுதப்பட்டிருந்தால் அது மீறப்பட்டதை நாம் காட்டலாம்.

இப்படி எழுதுவது நம் சட்ட மொழிக்குப் புதிதல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 பதில் தர அலுவலருக்கு 30 நாட்கள் கொடுக்கிறது. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள், மிஞ்சினால் 45. காரணமில்லாமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 25,000. ஒரு தகவலுக்கு இவ்வளவு காவல் இருக்கும்போது ஒரு பெண்ணின் சாப்பாட்டுக்கு ஏன் இல்லை? மத்தியப் பிரதேசம் 2010இலேயே பொதுச்சேவைகளுக்கு நாள் குறிக்கும் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் அப்படியொரு சேவை உரிமைச் சட்டம் வேண்டுமென்று இயக்கங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றன.

காத்திருப்பை எண்ணிப் பார்க்கவும் முடியும். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் தொகை கேட்டு மேல்முறையீடு செய்தவர்களில், 2008 முதல் 2019 வரையான நிதியாண்டுகளில் இறுதி முடிவு வருமுன்பே இறந்தவர்கள் 1,09,725 பேர் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2020இல் கணக்குக் கொடுத்தது. பணக்கார நாட்டின் வெட்கக்கேடு அது. ஆனாலும் கோப்போடு சேர்ந்து முடிந்துபோன உயிர்களை அங்கே யாரோ எண்ணினார்கள். நம் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். எத்தனை விண்ணப்பங்கள், சராசரி எத்தனை மாதங்கள், அவற்றில் பெண்களுடையவை எத்தனை, ஆணை வருமுன் இறந்தவர்கள் எத்தனை பேர்? இந்த நான்கு கேள்விகளைக் கேட்கப் பத்து ரூபாயும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். பதில் தர அவர்களுக்கு 30 நாட்கள்தான்.

கோரிக்கையும் சிக்கலானதல்ல. 59ஆம் பிரிவின் இரண்டாவது வாக்கியத்திலும் ‘காலம்’ என்ற சொல் வர வேண்டும். கெடு தாண்டினால் விண்ணப்பித்த நாளிலிருந்து நிலுவையோடு பணம் வர வேண்டும். மருத்துவ வாரியம் திருவேங்கடம் போன்ற ஓர வட்டங்களுக்குக் குறித்த நாளில் வர வேண்டும்.

தமிழ் படிக்கும் மாணவியரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாட்டைப் படிப்பதுபோல் அரசாணையையும் விண்ணப்பப் படிவத்தையும் படியுங்கள். எந்த வாக்கியத்தில் யார் எழுவாய், யாருக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது, யாருக்குக் குறிக்கப்படவில்லை என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா மனு எழுதித் தரச் சொன்னால், அதன் கடைசி வரியில் எத்தனை நாட்களுக்குள் பதில் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.