வீடியோ அழைப்பில் விடுபடும் ஆள்

புற்றுநோயாளிகளுக்கான ஆதரவு சிகிச்சையை நேரில் கொடுத்தாலும் வீடியோவில் கொடுத்தாலும் ஒண்ணுதான் என்பதற்கு இப்போ அடிக்கடி காட்டப்படுவது, 2024 செப்டம்பரில் ஜாமா இதழில் வந்த அமெரிக்க ஆய்வு. 22 புற்றுநோய் மையங்கள், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 1,250 பேர். 24 வாரம் கழித்து அளந்ததில் இரண்டு குழுவின் வாழ்க்கைத்தரமும் சமம். நல்ல ஆய்வு, அந்த முடிவோட எனக்குச் சண்டை இல்லை.

ஆனா அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கு. கூட இருந்து பார்த்துக்கிறவங்க சந்திப்பில் கலந்துகொண்ட விகிதம் நேரில் 49.7%, வீடியோவில் 36.6%. இதை யாரும் பெருசா பேசுறதில்லை. எனக்கு முக்கியமாப் படுறது இதுதான்.

ஏன்னு கேட்டா, இந்த ஆய்வை நம்ம ஊருக்குக் கொண்டுவந்து பாருங்க. சேர்வராயன் மலையில் மாரமங்கலம் ஊராட்சி. சின்னச் சின்ன மலைக்கிராமங்கள், பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். ஏற்காடு வழியா சேலம் அரசு மருத்துவமனைக்குப் போகணும்னா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். எலும்பு வரை நோய் பரவினவருக்கு அந்தப் பயணமே ஒரு தண்டனை. அதனால வீடியோ வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன்.

ஆனா வலிக்கு மார்ஃபின் எப்படிக் கொடுக்கறது? சாதாரண மாத்திரைன்னா 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரட்டும்னு காத்திருக்காம கொடுக்கணும். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. இதையெல்லாம் கத்துக்க வேண்டியது நோயாளி இல்லை; மனைவி, மகள், மருமகள். அழைப்பு வர்ற நேரம் அவங்க காட்டு வேலையில் இருந்தா, சிகிச்சையில் பாதி கைநழுவிப் போச்சு.

இன்னொரு முட்டுக்கட்டை சட்டத்தில் இருக்கு. 2020 மார்ச் 25-இல் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுநெறிப்படி, 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளைத் தொலைவழியில் எழுதித்தரக் கூடாது. மார்ஃபின் அதில்தான் வருது. ஆக, ஆறுதல் திரையில் கிடைக்கும். மாத்திரைக்கு மலை இறங்கணும்.

2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வீட்டுக்கே போறதும் ஒரு பகுதி. வீடியோவை அந்தச் செவிலியரின் கையில் கொடுக்கணும். அவர் வீட்டில் உட்கார்ந்து, பார்த்துக்கிறவங்களையும் பக்கத்தில் வெச்சு, அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிடட்டும். செவிலியருக்குப் பதிலா வீடியோன்னு யாராவது திட்டம் போட்டா, அந்த 36.6-ஐ அவங்களுக்கு ஞாபகப்படுத்துங்க.