இரண்டு பெயர், ஒரே தெரு

புதுச்சேரி துய்மா வீதியின் நீலப் பலகையில் தமிழில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர். எதைச் சொல்லி வழி கேட்டாலும் போய்ச் சேருவது ஒரே தெருவுக்குத்தான். சி மொழியில் இந்தத் தாராளம் ‘கெட்ஆப்ட் லாங்’ என்ற ஃபங்ஷனிடம் உண்டு.

கட்டளை வரியில் நாம் தட்டுவதெல்லாம் ‘ஆர்க்வி’ என்ற வரிசையில் வெறும் சொற்களாக வந்து நிற்கும். எது ஆப்ஷன், எது அதன் மதிப்பு, எது கோப்பின் பெயர் என்பதை நிரல்தான் பிரித்தறிய வேண்டும். ‘ஸ்ட்ரிங் கம்பேர்’ வைத்து இஃப், எல்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போனால் நாலைந்து ஆப்ஷனிலேயே மூச்சு முட்டும். ஒற்றை எழுத்து ஆப்ஷன்களுக்கான ‘கெட்ஆப்ட்’டை ஏடி அண்ட் டி 1985இல் டல்லஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் பொதுவுடைமையாக்கியது. முழுச்சொல் ஆப்ஷன்களைப் பரவலாக்கியது க்னூ திட்டம்.

‘கெட்ஆப்ட் லாங்’கின் அழகெல்லாம் ஓர் அட்டவணையில் இருக்கிறது. வரிக்கு நாலே கட்டம்: பெயர், மதிப்பு தேவையா, கொடி, திருப்பித் தரவேண்டிய எண். ‘அவுட்புட்’ என்ற பெயருள்ள வரியின் கடைசிக் கட்டத்தில் ‘ஓ’ என்ற எழுத்தைப் போட்டு, குறுகிய ஆப்ஷன்களின் சரத்திலும் அதைச் சேர்த்துவிட்டால், பயனர் இரட்டை டேஷோடு முழுப்பெயரைத் தட்டினாலும், ஒற்றை டேஷோடு அந்த எழுத்தை மட்டும் தட்டினாலும், ஸ்விட்சில் ஒரே கேஸ். கூடவே தந்த கோப்பின் பெயர் ‘ஆப்ட்ஆர்க்’கில் தயாராக இருக்கும். முழுப்பெயரைப் பாதியில் நிறுத்தினாலும், வேறு ஆப்ஷனோடு குழப்பம் வராதவரை க்னூ புரிந்துகொள்ளும்.

நுணுக்கம் தெரிந்தவர் கவனிக்கும் இடங்கள் இரண்டு. ஆப்ஷன்கள் தீர்ந்ததும் இந்த ஃபங்ஷன் மைனஸ் ஒன்றைத் தரும். அதை ‘இன்ட்’டில் வாங்காமல் ‘சார்’ரில் வாங்கினால், இன்டெல் கணினியில் சமர்த்தாக ஓடும் நிரல், ஆர்ம் லினக்ஸில் லூப்பை விட்டு வெளியே வராது. அங்கே ‘சார்’ருக்கு மைனஸ் கிடையாது, மைனஸ் ஒன்று 255 ஆகிவிடும். அடுத்தது, குறுகிய ஆப்ஷன்களின் சரத்துக்கு முதலில் வைக்கும் ஒரு முக்காற்புள்ளி. அதை வைத்தால் நூலகம் தன் பிழைச்செய்தியை அடக்கிக்கொண்டு, மதிப்பு விட்டுப்போனதற்கு முக்காற்புள்ளியும், தெரியாத ஆப்ஷனுக்குக் கேள்விக்குறியும் தனித்தனியே திருப்பித் தரும்.

ஒரு நிரலின் தரத்தை எடைபோட நான் முதலில் தப்பான கட்டளையைத்தான் கொடுத்துப் பார்ப்பேன். ‘கோப்பின் பெயர் எங்கே?’ என்று குறிப்பாகக் கேட்டால், எழுதியவர் பயனரை நினைத்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.