ராணுவச் செயலரின் கையெழுத்து

கிரேக்க விடுதலைப் போரில் செயலராக இருந்து நினைவுக்குறிப்பு எழுதிய கசோமூலிஸ் பத்திப் படிச்சப்ப, நம்ம பக்கம் அப்படி யாருன்னு தேடினேன். ஐ.என்.ஏ.வின் ராணுவச் செயலர் பிரேம் சைகல்! நான் தமிழில் படித்தவை பெரும்பாலும் அவரைக் 'கேப்டன் லட்சுமியின் கணவர்' என்பதோடு முடிச்சிருது.

செங்கோட்டை வழக்கை எழுதறவங்களும் 1946 ஜனவரி 3ல் ஆயுள் நாடுகடத்தல் ரத்தானதோட நிறுத்திடறாங்க. தன் படையின் நான்கு சிப்பாய்களுக்கு மரண தண்டனை விதிச்சதும் அவர் மேல குற்றச்சாட்டுதான். விதிச்சது உண்மை, ஆனா நிறைவேத்தல, மன்னிச்சுட்டோம் என்றார் சைகல். கொலைக்கு உடந்தை என்ற அந்தக் குற்றச்சாட்டில் விடுதலையும் ஆனார்.

உடுமலையில் உட்கார்ந்து வீரர்னு எழுதறது எனக்குச் சுலபம். அந்த நாலு பேரை விட்டுட்டு எழுதினா அது வரலாறு இல்லீங்க, வாழ்த்துமடல்.