கரைக்கு வெளியே பிறந்த கடற்பாட்டு

கோவளம், நெம்மேலி, தேவநேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று செங்கல்பட்டுக் கரையில் தெற்கே நீளும் மீனவர் குப்பங்களில், கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கு 'படகோட்டி' படத்துப் பாட்டு இன்னும் பழசாகவில்லை. படம் வந்தது 1964இல். அன்று கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மீனவர் வாழ்க்கையைச் சொல்லும் பாட்டு எது என்று கேட்டால், கரையிலும் சரி, உள்நாட்டிலும் சரி, முதலில் நாவில் வருவது அந்தப் படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடியதுதான்.

அந்தப் பாட்டைச் செய்தவர்கள் யார்? பாடல்களை எழுதிய வாலி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்துக்காரர். இசையமைத்த இருவரில் எம்.எஸ். விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம், டி.கே. ராமமூர்த்தி திருச்சி. பாடிய சௌந்தரராஜன் மதுரை. துடுப்புப் போட்டு நடித்த எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கையின் மலைநாட்டில், நாவலப்பிட்டியில். கடலோரக் குப்பத்தில் பிறந்தவர் இவர்களில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அது கரையின் பாட்டாயிற்று. எப்படி ஆயிற்று என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

தமிழில் இது புதிய சங்கதி அல்ல. நெய்தல் திணைக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த காலத்திலேயே, கடற்கரை என்றால் பிரிவும் ஏக்கமும் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. அந்த ஏற்பாட்டுக்குள் நின்று பாட, புலவர் பரதவராக இருந்தாக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துக் கானல்வரியை எடுத்துக்கொள்வோம். புகார்க் கடற்கரையில் அமர்ந்து பாடுகிற கோவலன் வணிகன் மகன். மாதவி நாடகக் கணிகை. இருவர் வாயிலும் வருவதோ வலையும் மீனும் உணங்கலும் புன்னை நிழலுமாக நெய்தல் நிலத்துக் காதல். எழுதிய இளங்கோவைச் சேரர் குடியினர் என்கிறது மரபு. நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த கடற்பாட்டு, மீன் பிடிக்காத மூவரின் வழியாகவே நமக்கு வந்திருக்கிறது. அதனால் அதன் மதிப்பு குறைந்ததாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை. திரைப்பாட்டை மட்டும் போலி நாட்டுப்பாட்டு என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உலகத்தில் இதற்கு மிக நெருக்கமான இணை அயர்லாந்துப் பாட்டு. 'வென் ஐரிஷ் ஐஸ் ஆர் ஸ்மைலிங்' 1912இல் அமெரிக்க நாடக மேடைக்காக எழுதப்பட்டது. மெட்டுப் போட்ட எர்னஸ்ட் பால் கிளீவ்லாந்துக்காரர். வரிகளை எழுதிய இருவரில் ஒருவரான சான்சி ஆல்காட் பஃபலோவில் பிறந்தவர். 'ஐல் டேக் யூ ஹோம் அகெய்ன், கேத்லீன்' 1875இல் தாமஸ் வெஸ்டென்டார்ஃப் என்ற அமெரிக்கர் எழுதியது. அயர்லாந்துத் தாலாட்டு என்றே பலரும் நம்பும் 'டூரா லூரா லூரல்' 1913இல் அமெரிக்க மேடையில் பிறந்து, 1944இல் 'கோயிங் மை வே' படத்தில் பிங் கிராஸ்பி பாடியதால் ஊரெல்லாம் பரவியது. 'டேனி பாய்' வரிகளோ ஓர் ஆங்கில வழக்கறிஞருடையவை. அதன் மெட்டு மட்டும் வட அயர்லாந்தின் லிமவாடியில் ஜேன் ராஸ் என்ற பெண் சேகரித்துக் கொடுத்து 1855இல் அச்சேறியது. அந்த மெட்டும் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்த உறவுக்காரப் பெண் ஒருவர் அனுப்பித்தான் அந்த வழக்கறிஞர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள். தாத்தா ஊரில் பக்கவாத்தியம் இல்லாமல், அயர்லாந்து மொழியில், நீட்டி நெளித்துப் பாடிய பழம்பாட்டை அவர்களால் திருப்பிப் பாட முடியாது. நியூயார்க் பாட்டுக்கு ஒரு பியானோவும் கொஞ்சம் ஆங்கிலமும் போதும். அதைப் பாடினால் அவர்கள் பார்த்தேயிராத ஊர் அவர்களுடையதாயிற்று.

நம் கரையிலும் நடந்தது இதுதான் என்பது என் கருத்து. பெரிய வலை இழுக்கும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் பாடும் அம்பாப் பாட்டு வேலையோடு கட்டப்பட்டது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிக்கொள்ளும்போதே கயிறு ஒரு முழம் கரைக்கு வரும். வலை கனத்தால் பாட்டு நீளும், லேசாக வந்தால் சட்டென்று முடியும். அடியெடுப்பவர் அன்றைக்கு வாயில் வந்ததைக் கோத்துப் பாடுவார்: சாமி பெயர், எதிரே நிற்பவன் மேல் கேலி, காற்றின் திசை. கயிற்றை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டு நிற்க இடமில்லை. கல்யாணப் பந்தலில் அதைப் பாட முடியாது. தனியாக உட்கார்ந்து முணுமுணுக்கவும் முடியாது. திரைப்பாட்டு அந்த 'ஏலேலோ'வை மட்டும் எடுத்துக்கொண்டு, கயிற்றின் இடத்தில் ஒரு மனிதனை வைத்தது. அவன் தன்னிலையில் பேசுகிறான், தன் வாழ்க்கை நியாயமற்றது என்று சொல்கிறான். கூட இழுப்பவனுக்காகப் பாடியதை, கரையில் நின்று மீன் வாங்குகிறவன் காதில் விழும்படி பாடுகிறான். ஊரார் நம்மைக் கேட்கிறார்கள் என்ற உணர்வை ஒரு மீனவக் குடும்பத்துக்கு முதலில் கொடுத்தது அந்தப் பாட்டாகத்தான் இருக்க வேண்டும்.

அரசியல் இதற்குத் துணை நின்றது. எம்.ஜி.ஆர். 1967இலும் 1971இலும் சட்டமன்றத்துக்குப் போனது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பரங்கிமலைத் தொகுதியிலிருந்து. பிற்காலத்தில் மாவட்டமே அவர் பெயரைத் தாங்கி, 1997இல் பிரிக்கப்படும்வரை செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமாக இருந்தது. எம்.ஜி.ஆர். நடித்து 1977இல் வந்த 'மீனவ நண்பன்' படத்தை இயக்கிய ஸ்ரீதரும் இதே மாவட்டத்து மதுராந்தகம் பக்கத்துச் சித்தாமூர்க்காரர். அதுவும் கரை அல்ல, ஏரிப் பாசன நாடு.

பக்கத்து மாநிலத்துக்குப் போனால் 1965இன் 'செம்மீன்' நிற்கிறது. கேரளக் கடலோரத்தின் குரல் என்று கொண்டாடப்படும் அதன் மெட்டுகளைப் போட்டவர், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த வங்காளியான சலில் சௌத்ரி. கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தின் உள்ளூரான அளவெட்டியில் பிறந்த மஹாகவி, 'புதியதொரு வீடு' என்ற பாநாடகத்தில் எழுதிய கடலோரப் பாட்டு, அவர் 1971இல் இறந்த பிறகும் ஈழத்தமிழர் போன நாடெல்லாம் போயிற்று. ஊரை விட்டுப் போனவர்கள் அதைக் கூடிப் பாடுவது பாஸ்டன் ஐரிஷ்காரர்களை நினைவூட்டுகிறது. மீனவர் கதையான 'சின்னவர்' (1992) படத்துக்கு இசை தந்த இளையராஜா மலையடிவாரப் பண்ணைப்புரத்துக்காரர். 'அன்னக்கிளி'யில் (1976) அவர் தம் மண்ணின் குரலைத் தாமே கொண்டுவந்தார். வயலுக்குக் கிடைத்த அந்த யோகம் கடலுக்குத் திரையில் கிடைக்கவில்லை. உரைநடையில் கிடைத்தது: 2004இல் ஜோ டி குரூஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு' கடலைக் கடலோரத்தவர் மொழியிலேயே பேசியது.

திரைப்பாட்டு கரையை முழுவதும் சொன்னதா என்றால், இல்லை. சோகத்தை எடுத்துக்கொண்டது, காதலை எடுத்துக்கொண்டது. கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராகப் போய் மீன் விற்கும் பெண் அதில் பெரும்பாலும் இல்லை. வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பிடிபட்ட மீனுக்குத் தானே விலை சொல்லும் ஆள் வில்லனாக வருவான். ஆனால் அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பது பாட்டில் வராது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்த மீன் என்று அறிந்திருந்தவர்களின் அறிவு அதில் மிகக் குறைவு. இந்தக் குறையைச் சொல்லாமல் பாராட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

அயர்லாந்துக்காரர்கள் ஒரு விஷயத்தில் பாக்கியசாலிகள். நியூயார்க் மேடை ஒருபக்கம் புதுப் பாட்டைச் செய்துகொண்டிருந்தபோதே, கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல், அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்களிடமிருந்து பழைய மெட்டுகளைத் திரட்டி, 1903இல் 1,850 மெட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். இன்று அயர்லாந்தில் வாசிப்பவர்களும் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

நமக்கும் தொகுப்பாளர்கள் இருந்தார்கள். பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டியதை கி.வா. ஜகந்நாதன் 1958இல் 'மலையருவி'யாகப் பதிப்பித்தார். 'படகோட்டி' வந்த அதே 1964இல் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வந்தது. நெல்லைச் சீமையின் ஏற்றமும் நடவும் அப்படி ஏட்டுக்கு வந்தன. செங்கல்பட்டுக் கரையின் அம்பாவுக்கென்று அந்த அளவில் ஒரு பெருந்தொகுப்பு வரவில்லை.

அதற்குள் தொழிலே மாறிவிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன, கட்டுமரம் ஒதுங்கியது. எஞ்சின் ஓடும் படகில் ஒருவர் அடியெடுத்தால் அடுத்தவர் காதில் விழாது. பெரிய வலையை ஊரே கூடி இழுத்த நாட்களை அறிந்தவர்கள் எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போகிறவர், பழம்பாட்டு மட்டும் வேண்டும், சினிமாப் பாட்டு வேண்டாம் என்று கேட்கக் கூடாது. ஒரு பெரியவர் 'படகோட்டி'யில் தொடங்கி நடுவில் அம்பாவுக்குத் தாவினால், இரண்டையும் ஒரே பதிவில் வைக்க வேண்டும். அவர் வாயில் இரண்டும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன. நான்கு பேர் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து உண்மையாகவே இழுக்கச் சொல்லிப் பதிவு செய்தால்தான் அம்பாவின் தாளம் கிடைக்கும். எந்த அடியில் கயிறு அசைந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.