தப்பு விடை சொன்ன பையன்

நாவல் எழுதுகிறவனுக்கு ஆசிரியப் பயிற்சியைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், இரண்டு பேர் இருக்க வேண்டிய ஒரு காட்சியில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அது என் கண்ணில் பட்டுவிடும். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டே இதை எழுதத் துணிகிறேன்.

என் தமக்கையின் பேத்தி பி.எட். படிக்கிறாள். பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரப் போனாள். போவதற்கு முன்பு ஆசிரியர்களுக்கென்று இணையத்தில் உள்ள பாடங்களில் நாற்பதைப் பார்த்துக் குறிப்பு எடுத்திருந்தாள். அவ்வளவு சிரத்தை. மூன்றாம் நாள் பின்னக் கணக்கு. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று பலகையில் எழுதினாள். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, “ஐந்தில் இரண்டு, டீச்சர்” என்றான். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான்.

“தப்பு, உட்கார்” என்றாள். உட்கார்ந்தான். அந்த வாரம் முழுவதும் அவன் மறுபடி எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து சொன்னாள்: “தாத்தா, நாற்பது பாடம் பார்த்தேனே, அதில் ஒன்றிலாவது இந்தப் பையன் இருந்தானா? இல்லையே!”

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவள் பார்த்த பாடங்களை நானும் பத்து நாள் உட்கார்ந்து பார்த்தேன். அவை பல இடங்களிலிருந்து வந்தவை. பெயர் சொல்லிக் குறை கூறுவது என் நோக்கமல்ல. ஒரு வகை எழுத்தை விமரிசிப்பதுபோல இந்த வகைப் பாடத்தை விமரிசிக்கப் பார்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஏற்பாடுகள் அற்பமானவை அல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எல்லா ஆசிரியர்களும் உரிய தகுதி பெற வேண்டும் என்றது. 2017இல் அதைத் திருத்தி, 2019 மார்ச் 31 வரை கெடு நீட்டினார்கள். பயிற்சி பெறாமலே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர்கள் பத்து லட்சத்துக்கும் மேலே. அத்தனை பேரையும் எந்தக் கல்லூரியில் கொண்டுபோய் அடைப்பது? தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் ‘ஸ்வயம்’ என்ற இணையத் தளத்தின் வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் அவர்களுக்குப் பட்டயப் படிப்பை நடத்தியது. அதே 2017இல், ஆசிரியர் தினத்தன்று, ‘தீக்ஷா’ தளம் வந்தது. 2020 அக்டோபரில் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கான ‘நிஷ்டா’ பயிற்சி அதே தளத்தில் பதினெட்டுப் பகுதிகளாக ஏறியது. நல்ல நூலகமில்லாத ஊரில் படிக்கும் பெண், இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைத் திறந்து, புரியாத இடத்தை நிறுத்தி, திரும்பக் கேட்க முடிகிறது. எந்தப் பேராசிரியரும் ஒரே வாக்கியத்தைப் பொறுமையாக ஏழு தடவை சொல்லமாட்டார். இதை மறுக்கிறவன் கிராமத்தை அறியாதவன்.

ஆனாலும் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சு. சங்கீதம் எழும்புகிறது. ஒருவர் தோன்றி வணக்கம் சொல்கிறார். ‘குழந்தைமையக் கல்வி’ என்றால் என்ன என்பதற்கு இலக்கணம் சொல்கிறார். அதன் நன்மைகள் ஆறு என்று வரிசைப்படுத்துகிறார். முடிவில் ஐந்து கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடவேண்டும். தொட்டால் சான்றிதழ். குழந்தையை மையமாக வைக்கச் சொல்லும் அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு குழந்தையின் முகம்கூட வரவில்லை!

வேறு சிலவற்றில் ஆசிரியர் பாடம் நடத்தியே காட்டுகிறார். அங்கே மாணவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் எப்படிப்பட்டவர்கள்? கேட்ட மாத்திரத்தில் சரியாகப் பதில் சொல்கிறவர்கள். பழைய நாடகங்களில் ராஜா “யாரங்கே?” என்றதும் “இதோ வந்தேன் மகாராஜா” என்று ஓடிவரும் சேவகனைப்போல. அந்தச் சேவகனுக்கு மனசு கிடையாது. அவன் நாற்காலிக்குச் சமம். நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தை எழுதினால் வாசகர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள்.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் ஒரு கருத்தைச் சொன்னார். பாடத்தை அறிவது ஓர் அறிவு. பொதுவாகக் கற்பிக்கும் முறையை அறிவது இன்னோர் அறிவு. இரண்டையும் தவிர ஆசிரியருக்கே உரிய மூன்றாவது அறிவு ஒன்று உண்டு. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், ஏன் இடறுவார்கள், எந்த உதாரணம் அந்த முடிச்சை அவிழ்க்கும் என்கிற அறிவு அது. நம் இணையப் பாடங்கள் முதல் இரண்டையும் தாராளமாகத் தருகின்றன. மூன்றாவதற்குத் தப்பு விடை சொல்லும் பையன் வேண்டும். அவனைத்தான் படம் பிடிக்கும்போது வெளியே நிற்கவைத்துவிடுகிறார்கள்.

இது படம் பிடிக்கிறவர்கள் மட்டும் செய்த பிழையல்ல. நம் பயிற்சிக் கல்லூரிகளிலேயே இதற்கு வேர் இருக்கிறது. ‘நுண்ணிலைக் கற்பித்தல்’ என்று ஒன்று உண்டு. 1963 வாக்கில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றியது. புது ஆசிரியர் நாலைந்து மாணவர்களுக்கு ஐந்து பத்து நிமிஷம், ஒரே ஒரு திறமையை மட்டும் பழகிப் பாடம் நடத்துவார். அதைப் படமாகப் பதிவு செய்து அவருக்கே காட்டுவார்கள். குறையைத் திருத்திக்கொண்டு மறுபடி நடத்துவார். அருமையான யோசனை. நம் நாட்டுக்கு வந்தபோது அதற்கு 36 நிமிஷக் கணக்கு ஒன்று வகுத்தார்கள்: நடத்த ஆறு, குறை நிறை சொல்ல ஆறு, திருத்தி எழுதப் பன்னிரண்டு, மறுபடி நடத்த ஆறு, மறுபடி குறை நிறைக்கு ஆறு. வசதிக் குறைவினால் படக்கருவியை விட்டார்கள். மாணவர்களையும் விட்டார்கள். உடன் படிக்கும் பயிற்சி ஆசிரியர்களே மாணவர்களாக உட்கார்ந்தார்கள். மீசை வைத்த வாலிபர் ஆறாம் வகுப்புப் பையனாகக் கைகட்டி உட்கார்ந்து, “அரையும் மூன்றில் ஒன்றும் ஆறில் ஐந்து, டீச்சர்” என்கிறார். அவரால் வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல முடியும். குழந்தையைப்போலத் தப்பாக நினைக்க முடியாது. இந்த ஒத்திகையில் பழகியவர்கள்தான் பிறகு பாடங்களைப் படமாக்கவும் வருகிறார்கள்.

வேறு மாதிரி செய்ய முடியாதா? முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் ‘டிம்ஸ்’ வீடியோ ஆய்வில் ஏழு நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்கள் 638ஐப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஜப்பானியப் பாடங்கள் மட்டும் 1995இல் எடுத்தவை. பிற்பாடு, கணக்கும் விஞ்ஞானமுமாக ஐம்பதுக்கு மேற்பட்ட பாடங்களை எழுத்துப் பிரதியோடும் குறிப்புகளோடும் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள். அதில் ஒரு ஜப்பானிய வகுப்பைப் பார்த்தேன்.

ஆசிரியர் பலகையில் இரண்டு பேருடைய நிலத்தை வரைகிறார். நடுவே எல்லை வளைந்து மடங்கிக் கிடக்கிறது. யாருக்கும் ஓர் அங்குலம் கூடாமல் குறையாமல் அதை ஒரே நேர்கோடாக ஆக்கவேண்டும். சாட்சாத் நம் ஊர் வரப்புத் தகராறேதான்! அவர் வழி சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் பிள்ளைகள் தாங்களே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டு, இடுக்கு இடுக்காக நடந்து ஒவ்வொருவர் தாளையும் எட்டிப் பார்க்கிறார். ஒரே அடிக்கோட்டின் மேல், இணைகோடுகளுக்கு நடுவே நிற்கும் முக்கோணங்களுக்குப் பரப்பு ஒன்றே என்று முன்பு படித்ததை அவர்கள் இங்கே கொண்டுவர வேண்டும். சிலர் தடுமாறுகிறார்கள். சிலர் வந்து பலகையில் வரைகிறார்கள். எனக்கு ஜப்பானிய பாஷை தெரியாது. ஆனாலும் கடைசிவரை எழுந்திருக்க மனம் வரவில்லை. காரணம், அங்கே அடுத்த நிமிஷம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் நிஜமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ‘டெஸ் இந்தியா’ என்ற திட்டம் நம் நாட்டு வகுப்பறைகளிலேயே படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆளலாம் என்று இணையத்தில் வைத்தது. அது நடந்தது ஏழு மாநிலங்களில். அவற்றில் தமிழ்நாடு இல்லை. ஆகவே அது நம்மால் ஆகாத காரியம் என்று சொல்ல இடமில்லை. நாம் இன்னும் போதுமான அளவு செய்துகொள்ளவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

வகுப்பறையைப் படம் பிடித்தால் குழந்தைகளின் முகம் ஊரெல்லாம் தெரியாதா என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்வி. தப்புச் சொன்ன குழந்தை காலமெல்லாம் திரையில் தப்புச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பெற்றோர் சம்மதம் வேண்டும். முகத்தை விட்டுவிட்டு நோட்டையும் குரலையும் மட்டும் எடுக்கலாம். பெயரே இல்லாமல், ‘ஆறாம் வகுப்பு, பின்னம், இப்படி ஒரு விடை, அதன் காரணம் இது’ என்று தொகுத்தாலும் போதும். தமிழில் அப்படி ஆயிரம் தப்பு விடைகள் ஓரிடத்தில் சேர்ந்தால், அதைவிடப் பெரிய பயிற்சி நூல் எனக்குத் தெரிந்து கிடையாது. 1963இல் பெரிய பல்கலைக்கழகத்தில் இருந்த படக்கருவி இன்று ஒவ்வொரு பயிற்சி மாணவியின் கையிலும் இருக்கிறது. பிறர் பிரசங்கத்தைக் கேட்க மட்டும் அதைப் பயன்படுத்துவானேன்? தன் வகுப்பைத் தானே திரும்பிப் பார்க்கவும் அது உதவும். 2014ஆம் ஆண்டு விதிகள் பி.எட். படிப்பை இரண்டு வருஷமாக்கி, இருபது வாரம் பள்ளியில் பழக வேண்டும் என்றன. அந்த இருபது வாரத்தைக் கைப்பேசியில் பத்திரப்படுத்தினால், அடுத்து வருகிறவர்களுக்கு அது சொத்து.

என் பேத்தியின் விஷயத்துக்கு வருகிறேன். “அந்தப் பையனை ஏன் அப்படிக் கூட்டினாய் என்று கேட்டாயா?” என்றேன். கேட்கவில்லை என்றாள். மறுநாள் போய்க் கேட்டிருக்கிறாள். அவன் வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு சொன்னானாம்: “நேற்று ரெண்டு பந்து போட்டேன், ஒண்ணு ஸ்டம்பில பட்டுது. இன்னிக்கு மூணு போட்டேன், ஒண்ணு பட்டுது. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே, டீச்சர்?”

பந்துக் கணக்கில் அவன் சொன்னது சரி. தோசைக் கணக்கில்தான் தப்பு. அரைத் தோசை தின்றவனுக்கு மேலும் ஒரு துண்டு போட்டால், மொத்தம் அரைத் தோசைக்கும் குறைந்து ஐந்தில் இரண்டாகிவிடுமா? அவள் இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தாளாம். பின்னங்களைக் கூட்டுவது என்றால் என்ன என்று தனக்கே அன்றுதான் விளங்கியது என்றாள்.

“பையன்?” என்றேன்.

“இன்றைக்குக் கை தூக்கினான், தாத்தா. மறுபடியும் தப்பாகத்தான் சொன்னான்” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்தச் சான்றிதழிலும் நான் பார்த்ததில்லை.